காரின் முன்கண்ணாடி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் கண்ணாடி மாற்றும் கடையில் போன் எடுக்கிற வேலையைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். அழைப்பவர் எல்லோரும் முதலில் கேட்பது “எவ்வளவு ஆகும்?”, அடுத்தது “இன்றைக்கே கிடைக்குமா?”. இந்த இரண்டுக்கும் வண்டியைப் பார்க்காமல் சரியாகப் பதில் சொல்ல முடியாது. மற்ற சந்தேகங்களுக்குச் சொல்லலாம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

1. கண்ணாடியில சின்னதா கல் அடிச்சிருக்கு. அப்படியே விட்டா என்ன ஆகும்?

சில வண்டிகளில் மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. சிலவற்றில் அன்று மாலைக்குள் ஒரு முழ நீளம் ஓடிவிடும். வெயிலில் கொதித்துக் கிடக்கும் கண்ணாடி மேல் ஏசி காற்றை முழு வேகத்தில் விடுவது, பனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றுவது, சக்கரம் பள்ளத்தில் இறங்குவது, கதவை ஓங்கிச் சாத்துவது என்று எதுவும் விரிசலைக் கிளப்பிவிடலாம்.

அடிபட்ட உடனே அந்த இடத்தின் மேல் கொஞ்சம் செலோடேப் ஒட்டுங்கள். ஈரமும் தூசியும் உள்ளே போகாமல் இருந்தால், பின்னால் கடையில் பிசின் நிரப்பி விரிசலை அடைக்கும்போது அது சுத்தமாக இறங்கும். அதுவரை வண்டியைக் கழுவாதீர்கள். வீட்டில் இருக்கிற சூப்பர் க்ளூவை எடுத்து நிரப்பவும் வேண்டாம். அப்படி நிரப்பிக்கொண்டு வந்த கண்ணாடியை அதற்குப் பிறகு அடைக்க வழியே இருக்காது.

2. பக்கக் கண்ணாடி உடைஞ்சா தூள் தூளாகுது. முன்கண்ணாடி மட்டும் ஏன் அப்படி ஆகறதில்ல?

முன்கண்ணாடி இரண்டு தகடுகள். நடுவில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும். கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் அந்தப் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பக்கக் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைத் தகடு. அது உடைந்தால் சிறு கட்டிகளாக உதிர்ந்துவிடும்.

அடுக்குக் கண்ணாடிக்கு வழிகாட்டியது ஒரு கைதவறல்தான். 1903-ல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு குடுவை கீழே விழுந்தது. விரிசல் விட்டது, சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து படலமாகப் படிந்திருந்தது. 1909-ல் அதை வைத்துக் காப்புரிமை வாங்கினார்.

3. அடைச்சா போதுமா, மாத்தியே ஆகணுமா?

புள்ளியாக அடிபட்டது சுமார் இரண்டரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அடைக்கலாம். கோடாக ஓடிய விரிசல் என்றால் பல கடைகள் 15 சென்டிமீட்டர் வரை எடுத்துக்கொள்கின்றன. நல்ல கருவி வைத்திருப்பவர்கள் அதற்கு மேலும் செய்வார்கள். ஆனால் நீளத்தைவிட இடம்தான் முக்கியம். ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் எதிரே இருந்தால், கண்ணாடியின் விளிம்பைத் தொட்டுவிட்டால், கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டியில் அது பார்க்கிற பகுதியில் விழுந்தால் மாற்றுவதே சரி.

உள்தகடும் உடைந்திருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டியதுதான். இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வண்டிக்குள் உட்கார்ந்து, விரிசலுக்குக் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுங்கள். வெளிப்பக்கம் இழுத்தால் தட்டும், உள்ளே வழுவழுவென்று போகும். உள்ளேயும் தட்டினால் இரண்டு தகடும் போய்விட்டன என்று அர்த்தம்.

4. அடைச்ச பிறகு தடமே தெரியாம போயிடுமா?

போகாது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிசினை அழுத்தி இறக்கி, புற ஊதா விளக்கில் இறுக வைப்பார்கள். அரை மணி நேர வேலை. முடிந்ததும் ஒரு மங்கலான புள்ளி நிற்கும். விரிசல் மேலே பரவாமல் தடுப்பதற்குத்தான் இந்த வேலை, அழகுக்கு இல்லை. “தடயமே இருக்காது” என்று வாக்குக் கொடுக்கிற கடையில் மற்ற வாக்குகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

5. மாத்தறதுன்னா உண்மையில என்னதான் செய்றாங்க?

வைப்பர் கைகளையும் அதன் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்றுவார்கள். கண்ணாடியை வண்டியின் உடம்போடு ஒட்டியிருக்கும் பழைய பசையைக் கம்பியாலோ கத்தியாலோ அறுத்து, கண்ணாடியை வெளியே எடுப்பார்கள். அப்போது இரும்பு விளிம்பில் கருப்புப் பசை மேடும் பள்ளமுமாக நிற்கும். அதை முழுக்கச் சுரண்டக் கூடாது. ஒன்று இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு மட்டமாகச் செதுக்குவார்கள். புதிதாக அறுத்த பழைய பசைமேல்தான் புதுப் பசை நன்றாகப் பிடிக்கும். செதுக்கும்போது பெயின்ட் கீறிப்போன இடங்களுக்கெல்லாம் பிரைமர் (பசை பிடிக்கவும் துரு ஏறாமல் இருக்கவும் பூசும் அடிப்பூச்சு) தொட்டு வைக்க வேண்டும்.

புதுக் கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்து, தேவையான பிரைமர் பூசுவார்கள். அடுத்து பசை. முனையை ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் வெட்டிய குழாயிலிருந்து, முக்கோண வரப்பு மாதிரி ஒரே ஓட்டமாக, கண்ணாடியைச் சுற்றி வர வேண்டும். கை தெரிந்தவர் சுற்றி வருவதைப் பார்த்தால் கோலம் போடுவது போல இருக்கும்: எங்கேயும் நிற்காது, மெலியாது, முடிகிற இடம் தொடங்கிய இடத்தின் மேல் ஏறி மூடும். அப்புறம் உறிஞ்சு கப்புகளால் கண்ணாடியைத் தூக்கி, ஒரே முறையில் இடத்தில் உட்கார வைப்பார்கள். வைத்த பிறகு இழுத்து இழுத்து நகர்த்தினால் அந்த வரப்பு சிதைந்துவிடும்.

அறுக்க, ஒட்ட எல்லாம் சேர்த்து ஒன்று, ஒன்றரை மணி நேரம். காய்வது தனிக் கணக்கு.

6. வெறும் கண்ணாடிதானே, காத்து மழை வராம இருந்தா போதாதா?

போதாது. இன்றைய கார்களில் முன்கண்ணாடி உடம்பின் ஒரு பாகம். வண்டி உருண்டால் கூரை அமுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பல வண்டிகளில் பக்கத்து இருக்கைக்கான காற்றுப்பை டாஷ்போர்டிலிருந்து மேல்நோக்கி வெடித்து, கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் திரும்புகிறது. பசை பிடிக்காமல் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனால் பையும் கூடவே வெளியே போகும்.

அதனால்தான் விலையைக் கேட்பதற்கு முன்னால் பசையைக் கேளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது. எந்தக் கண்ணாடி என்று பத்து நிமிஷம் விசாரிப்பவர்கள், எதை வைத்து ஒட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. யுரேத்தேன் பசைதான் வேண்டும். குளியலறை ஓரத்துக்கு அடிக்கிற சிலிக்கான் மழையை நிறுத்தும், கண்ணாடியைப் பிடித்து நிறுத்தாது. பசை உறையில் காலாவதித் தேதி இருக்கும். காட்டச் சொல்லுங்கள், தப்பே இல்லை.

என் சொந்தக்காரர் ஒருவரின் கார் கண்ணாடி வேறொரு கடையில் மாற்றியது. மறுபடி விரிசல் விட்டதால் எங்களிடம் கொண்டுவந்தார். அறுக்கக் கம்பியை எடுத்தோம், அதற்கு வேலையே வரவில்லை. மேல் ஓரத்தில் கையை விட்டு நெம்பியதும் ஒரு கை அகலத்துக்குச் சத்தமில்லாமல் எழுந்து வந்தது. பிரைமர் இல்லாத இடத்தில் பசை கண்ணாடியைப் பிடிக்கவே இல்லை. அப்படியே எட்டு மாதம் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

7. மாத்தினதும் எத்தனை மணி நேரம் கழிச்சு ஓட்டலாம்?

பசை தயாரித்தவர் சொல்கிற நேரம்தான் கணக்கு. ஒரு மணி நேரத்தில் ஓட்டலாம் என்கிற பசை உண்டு, பல மணி நேரம் கேட்கிற பசையும் உண்டு. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். ஆகவே குளிரும் வறண்ட காற்றும் சேர்ந்தால் நேரம் நீளும். மேல்தோல் முதலில் இறுகும், உள்ளே மெதுவாகத்தான் ஆகும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருப்பதை நம்ப வேண்டாம்.

“இன்றைய வெப்பநிலைக்கு எத்தனை மணிக்கு எடுக்கலாம்?” என்று கேட்டு, அந்த நேரத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். அவசரம் என்று சொன்னவுடன் நேரத்தைக் குறைக்கிற கடையிலிருந்து வண்டியை எடுக்கவே பயமாக இருக்க வேண்டும்.

8. ஓரத்துல ஒட்டின டேப்பை எப்ப பிய்க்கலாம்? வண்டி கழுவலாமா?

ஒரு நாள் டேப் இருக்கட்டும். ஓர ரப்பர் நகராமல் பிடித்துக்கொள்வது அதுதான். முதல் ஒன்றிரண்டு நாள் அழுத்தத் தண்ணீரில் கழுவாதீர்கள். சாதாரண மழை பெய்தால் பயம் இல்லை, ஈரம் பசைக்கு நல்லதுதான்.

ஒரு ஜன்னலை விரலளவு இறக்கி வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்தால் உள்ளே அமுங்கும் காற்று இன்னும் இறுகாத பசையில் வழி தேடும்.

9. ஒரிஜினல் கண்ணாடியா போடணுமா, வெளிக் கம்பெனி போதுமா?

கார் கம்பெனிகள் பொதுவாகத் தாங்களே கண்ணாடி செய்வதில்லை. செயின்ட் கோபேன், ஏஜிசி, பில்கிங்டன், ஃபுயாவ் போன்ற கண்ணாடிக் கம்பெனிகளிடம் வாங்குகின்றன. கார் கம்பெனி முத்திரையோடு ஒன்று வரும். அதே கண்ணாடிக் கம்பெனி தன் பெயரில் மட்டும் விற்பது இன்னொன்று. சம்பந்தமே இல்லாத வேறு ஆள் அளவெடுத்துச் செய்வது மூன்றாவது.

கேமரா, சென்சார் எதுவும் இல்லாத சாதாரண வண்டி என்றால் இரண்டாவது வகையே தாராளம். நான் என் வண்டிக்கு அதைத்தான் போட்டேன். கேமரா உள்ள வண்டிக்கு முதல் வகை, அல்லது கார் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மூன்றாவது வகையிலும் நல்லது உண்டு. ஆனால் வளைவு கொஞ்சம் மாறினாலும் ஓரம் சரியாக உட்காராது, எதிரில் வரும் வண்டி அலை அலையாய்த் தெரியும்.

10. கண்ணாடி மூலையில என்னமோ பொடி எழுத்துல எழுதியிருக்கே, அது என்ன?

அதுதான் கண்ணாடியின் ஜாதகம். செய்த கம்பெனியின் பெயர், எந்தத் தர விதிப்படி ஒப்புதல் பெற்றது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் ஐ.நா. 43-ஆவது ஒழுங்குமுறைப்படி ஒப்புதல் பெற்றது. அந்த எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைக் குறிக்கும். ‘ஏஎஸ்1’ என்றிருந்தால் அமெரிக்க விதிப்படி முன்கண்ணாடிக்கு ஏற்றது, குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விடும். உங்கள் நாட்டு விதி கேட்கிற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையே இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

11. அதே மாடல்னு சொல்லித்தான் வாங்கினேன், பொருந்தலையே?

ஒரே மாடலுக்கு நாலைந்து வகைக் கண்ணாடி வரும். சத்தத்தைக் குறைக்க நடுவில் மென்மையான படலம் வைத்தது ஒன்று, வெப்பத்தைத் திருப்புகிற பூச்சுள்ளது ஒன்று, மழை சென்சாருக்கு இடம் விட்டது, சூடேற்றும் கம்பி ஓடுவது என்று. வேக எண்ணைக் கண்ணாடியிலேயே காட்டுகிற வண்டிகளில் நடுப்படலம் மேலே தடித்துக் கீழே மெலிந்திருக்கும். சாதாரணக் கண்ணாடியைப் போட்டால் எண் இரண்டிரண்டாகத் தெரியும்.

போனில் மாடல் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். கண்ணாடி மூலை முத்திரையையும், வண்டிக்குள் இருக்கும், பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடியின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அதிலேயே தீரும்.

12. கேமரா காலிபரேஷன்னு தனியா பில் போடறாங்க. நிஜமாவே தேவையா, பிடுங்கலா?

காலிபரேஷன் என்றால் கேமரா சரியான திசையில் பார்க்கும்படி அளந்து அமைப்பது. தடம் மாறினால் எச்சரிப்பது, தானாக பிரேக் போடுவது போன்ற வசதிகளுக்கான கேமரா கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் தேவைதான். கேமரா ஒரே ஒரு டிகிரி திரும்பியிருந்தாலும் 100 மீட்டர் தூரத்தில் அதன் பார்வை ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப்போகும். நம் தடத்தில் நிற்கும் வண்டியைப் பக்கத்துத் தடத்தில் நிற்பதாக அது எடுத்துக்கொள்ளலாம்.

சில வண்டிகளுக்குச் சமதளத்தில் நிறுத்தி, எதிரே குறிப்பலகை வைத்து அளந்து செய்வார்கள். சிலவற்றைக் கோடு தெளிவான சாலையில் ஓட்டிச் செய்ய வேண்டும், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். “எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, அதனால் சரியாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கேமரா தவறாகப் பார்க்கிறது என்று எப்போதும் விளக்கு எரிந்து சொல்லாது. முடிந்ததும் கருவி தருகிற அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

13. மாத்தினதுலேருந்து மழையே இல்லாம வைப்பர் தானா ஓடுது!

மழை சென்சார் கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கும். வெளியே துளி விழுந்தால் ஒளி கசிந்து குறையும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஜெல் படலத்தில் காற்றுக் குமிழ் இருந்தாலும் அதற்கு மழைதான். பழைய ஜெல்லையே திரும்ப ஒட்டியிருப்பார்கள். புதிது போடச் சொல்லுங்கள்.

14. நல்ல கடைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

போனிலேயே பாதி தெரிந்துவிடும். சேசிஸ் எண், கேமரா, சென்சார் பற்றி அவர்கள் உங்களைக் கேட்கிறார்களா? ஒன்றும் கேட்காமல் விலையைச் சொல்கிறவர் கையில் இருக்கிற கண்ணாடியை விற்கப் பார்க்கிறார். பிறகு நீங்கள் கேளுங்கள்: எந்தப் பசை, எத்தனை மணிக்கு எடுக்கலாம், கேமராவை நீங்களே சரி செய்வீர்களா வெளியே அனுப்புவீர்களா, ஓர ரப்பரும் கிளிப்பும் புதிதா, தண்ணீர் கசிந்தால் எத்தனை நாள் பொறுப்பு. இதற்கெல்லாம் சலிப்பில்லாமல் பதில் வர வேண்டும்.

நேரில் போனால், வேறு யாருடைய வண்டியிலாவது வேலை நடக்கும்போது பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கையுறை போட்டிருக்கிறாரா? துடைத்த ஓரத்தை வெறும் கையால் தொட்டால் விரல் எண்ணெய் போதும், பிடிப்பு குறையும். பானெட் மேலும் டாஷ்போர்டு மேலும் துணி விரித்திருக்கிறாரா? பிரைமர் பூசியதும் காயக் காத்திருக்கிறாரா? கடையின் பளபளப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தகரக் கொட்டகையில் அற்புதமாக வேலை செய்கிறவரையும், ஏசி அறையில் காபி கொடுத்துவிட்டு உள்ளே அலங்கோலம் பண்ணுகிறவரையும் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் மதிப்புரை படித்தால் “சீக்கிரம் முடித்தார்கள்” என்பதைத் தாண்டிப் போங்கள். கசிவு வந்து திரும்பப் போனபோது எப்படி நடத்தினார்கள் என்று யாராவது எழுதியிருந்தால் அதுதான் உருப்படியான தகவல்.

15. வீட்டுக்கே வந்து மாத்தித் தர்றாங்களாமே, நம்பலாமா?

அதே ஆள், அதே பசை என்றால் நம்பலாம். மழையும் புழுதிக் காற்றும் படாத மூடிய இடமும் சமதளமும் வேண்டும். அவை இல்லாத நாளில் “இன்று வேண்டாம்” என்று சொல்கிறவரே தேவை. குறிப்பலகை வைத்து அளக்க வேண்டிய கேமரா இருந்தால் பெரும்பாலும் கடைக்குப் போவதுதான் வழி.

16. இன்சூரன்ஸ்ல எடுக்கலாமா, கைக்காசு போடலாமா?

முதலில் பாலிசியில் கண்ணாடி தனியாகச் சேர்ந்திருக்கிறதா, உங்கள் பங்காக எவ்வளவு கட்ட வேண்டும், கிளைம் எடுத்தால் அடுத்த வருஷச் சலுகை போகுமா என்று கேளுங்கள். உங்கள் பங்கே மொத்தச் செலவுக்குப் பக்கத்தில் வந்தால் கைக்காசுதான் லாபம். கேள்வி 4-ல் சொன்ன அடைப்பு வேலைக்கு நம் பங்கு கேட்காத பாலிசிகளும் உண்டு.

அவர்கள் சொல்கிற கடைக்குத்தான் போக வேண்டுமா, நாமே தேர்ந்தெடுக்கலாமா என்பதும் பாலிசிக்கு பாலிசி மாறும். வண்டியைக் கழற்றிப் போடுவதற்கு முன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். காலிபரேஷன் செலவும் அதில் அடங்குகிறதா என்று மறக்காமல் கேளுங்கள், கடைசியில் சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

17. பழைய வண்டியில கழட்டின கண்ணாடி மலிவா கிடைக்குது, போடலாமா?

நான் போடமாட்டேன். அறுத்து எடுக்கும்போது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்திருக்கலாம், விரிசல் அங்கேதான் பிறக்கும். வேறெங்கும் கிடைக்காத பழங்கால வண்டி, அதுவும் பசை இல்லாமல் ரப்பர் பட்டையில் உட்காரும் கண்ணாடி என்றால் விஷயம் வேறு.

18. கண்ணாடியைக் கழட்டிட்டு ‘அடியில துரு இருக்கு, கூட செலவாகும்’னு சொல்றாங்க. ஏமாத்தறாங்களா?

போட்டோ கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். துரு உண்மையில் இருந்தால் அந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். துருவின் மேல் ஒட்டினால் பசை துருவைத்தான் பிடிக்கும், இரும்பை இல்லை. முன்பு ஒரு முறை மாற்றிய வண்டிகளில் துரு இருந்தால், அப்போது கீறிய இடத்துக்குப் பிரைமர் தொடாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

19. வண்டியை எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா, ஓர ரப்பர் எங்கேயாவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே ஒரு கம்பத்தையோ சுவர் ஓரத்தையோ பார்த்தபடி தலையை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். கோடு நெளியக் கூடாது. வைப்பர், சென்சார், கண்ணாடி சூடேற்றி, ரேடியோ எல்லாவற்றையும் அங்கேயே போட்டுப் பாருங்கள். வைப்பர் ரப்பர் பழையதாக இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், புதுக் கண்ணாடியில் முதல் கீறல் அதனால்தான் விழும்.

20. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வேகமா போனா விசில் சத்தம் வருது.

ஓர ரப்பர் எழுந்திருக்கலாம், வைப்பருக்குக் கீழுள்ள மூடியின் கிளிப் உடைந்திருக்கலாம், பசையில் இடைவெளி இருக்கலாம். ஓரத்தில் பகுதி பகுதியாக டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். எந்தப் பகுதியை மூடியதும் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அதோடு கடைக்குப் போனால் “அப்படி ஒன்றும் கேட்கவில்லையே” என்ற பதிலுக்கு இடமில்லை. தரை விரிப்பின் அடியையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இது சத்தப் பிரச்சினை மட்டும் இல்லை.

21. மாத்தி மூணு வாரம்தான் ஆச்சு. கல்லே படல, தானா விரிசல் விட்டிருக்கு. கடைக்காரர் கல்லுன்னு சாதிக்கிறார்!

யார் சொல்வது சரி என்று ஒரு பால்பாயின்ட் பேனாவை வைத்தே ஓரளவு பார்த்துவிடலாம். விரிசலின் மேல், வெளிப்பக்கம், ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை பேனா முனையை லேசாக ஓட்டுங்கள். கல் பட்டிருந்தால் எங்காவது ஓரிடத்தில் முனை சின்னக் குழியில் சிக்கும். அந்தக் குழியைச் சுற்றிக் கண்ணாடி பொடிந்திருப்பதும் தெரியும். எங்கேயும் சிக்காமல், விரிசல் விளிம்பிலிருந்து கிளம்பியிருந்தால் அழுத்த விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். மட்டமில்லாத பழைய பசை, வளைந்த இரும்பு விளிம்பு, திணித்துப் பொருத்திய கண்ணாடி, கேள்வி 17-ல் சொன்ன ஓரச் சில்லு, இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கலாம்.

ஆனால் விளிம்பை ஓர ரப்பர் மூடியிருக்கும், அதன் அடியில் கல்லடி ஒளிந்திருந்தால் பேனாவுக்கு எட்டாது. அதனால் கடைக்காரர் முன்னிலையில் ரப்பரை எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் விரிசல் முழுவதையும், அது தொடங்கும் இடத்தைக் கிட்டத்திலும், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் பசை பெயரும் உத்தரவாத நாளும் எழுதி வாங்கியிருந்தால் இந்த இடத்தில் அது கைகொடுக்கும். கண்ணாடியைக் கழற்றுவதானால், அடியில் இருக்கும் பசையையும் விளிம்பையும் போட்டோ எடுத்த பிறகுதான் கழுவித் துடைக்க விட வேண்டும்.